கூறல்

நோவொண்டும் இல்லாமல்
பல்லு டொக்டரிட்டப் போறன் எண்டதுக்கு
பாசையூர்ச் சந்தையில மூண்டு நாள் சிரிச்சினம்.
"வாயை அடகு வைக்கப் போறியோ?" எண்டு
நண்டு விக்கிற மரியநாயகி கேட்டாள்.
இருபத்தாறு வருசமா அந்த வாயாலதான்
பாரையும் விளைமீனும் கூறி விக்கிறன்.
ஒருக்காத் திறந்து காட்டினால் என்ன?

ஆஸ்பத்திரி வீதி, பாமசிக்கு மேல் மாடி.
செருப்பைக் கழட்டிப் போட்டு ஏறவேணும்.
குளிர். கராம்பு மணம்.
விடிய ரெண்டுதரம் பல்லுத் தீட்டினனான்,
சோதினைக்குப் போற பெடியன் மாதிரி.
ஆனாலும் கையைக் கதிரைப் பிடியில வைக்கக் கூச்சம்:
தேசிக்காய் தேய்ச்சும் போகாத சூரை வெடில்.

டொக்டர் சின்னப்பிள்ளை.
நிரோஜினி எண்டு சட்டையில கிடந்தது.
கதிரை பின்னால சாய்ஞ்சுது.
கூறல் தட்டில மல்லாத்தின மீனாக் கிடந்தன்,
விளக்கு முகத்துக்கு நேர.
"ஆ காட்டுங்கோ."
என்ர வாய் திறந்து கிடக்க
வேற ஒராள் இலக்கம் கூறினது
அண்டைக்குத்தான் முதல்.

"பதினெட்டு, சரி. பதினேழு, சரி.
பதினாறு, பழைய அடைப்பு. பதினைஞ்சு..."
மூலையிலிருந்த பிள்ளை எழுதிக்கொண்டே போச்சுது.
எனக்கு நெஞ்சு பதைச்சுது.
விலையெல்லோ இறங்குது!
பதினொண்டு மட்டும் இறங்கினா,
பிறகு ஒரே பாய்ச்சல், இருபத்தொண்டு.
ஆரோ கொழும்பு லொறிக்காரன் உள்ள வந்திட்டான் எண்டு
கண்ணை உருட்டித் தேடினன்.

கீழ்வாயில நாப்பத்தஞ்சில நிண்டிட்டா.
"நாப்பத்தாறு எங்கயண்ணை?"
கண்ணாடியும் கொளுக்கியும் வாய்க்குள்ள.
"சண்டை நேரம் போனதோ?"
குரலைப் பதிச்சுக் கேட்டா.
இந்த ஊரில ஏதும் இல்லையெண்டால்
உடன வாற கேள்வி.
இல்லைப் பிள்ளை.
அந்தோனியார் பெருநாள். சோடாப் போத்தில்.
பல்லால திறப்பன் எண்டு யேசுரட்ணத்தோட பந்தயம்.
மூடி வந்தது, பல்லும் வந்தது,
பந்தயக் காசு அம்பது ரூவா
இண்டைக்கும் வரேல்லை.
இவ்வளவும் சொன்னன்.
வெளியில கேட்டது
"ஆ... ங்... ஆ."
"இல்லை எண்டு போடும்" எண்டா அந்தப் பிள்ளைக்கு.

பிறகு முரசில கம்பி விட்டு ஆழம் பார்த்தா.
ரெண்டு, ரெண்டு, மூண்டு.
எங்கட கடலும் அவ்வளவுதான், அள்ளாக் கொள்ளை ஆழமில்லை.
வள்ளத்தின்ர அடியில ஒட்டின சிப்பியைச் சுரண்டுற சத்தம்
மண்டைக்குள்ள கேட்டுது.
துப்பச் சொன்னா. றோஸ் நிறம்.

கொளுக்கியை எடுத்து, கையுறையைக் கழட்டி,
அப்பதான் கேட்டா:
"ராவில பல்லு நெறுமுறனீங்களோ?
கடைவாய் எல்லாம் சப்பட்டையாத் தேய்ஞ்சு கிடக்கு."
வாய் இப்ப என்ர கையில.
சொல்ல ஒண்டுமில்லை.
நித்திரை கொள்ளுறவனுக்கு என்ன தெரியும்?
ராவில போட ஒரு உறை செய்யலாமாம், எட்டாயிரம்.
ஊருக்கே விலை ஏத்திற நான்
அஞ்சூறு குறைக்கக் கேக்காமல் தலையாட்டிப்போட்டு வந்தன்.

வீட்டில பெனடிக்ரா சூடை அரிஞ்சுகொண்டிருந்தாள்.
"நான் பல்லு நெறுமுறனானே?"
"கலியாணம் கட்டின அண்டு தொடக்கம்."
நிமிர்ந்தும் பார்க்கேல்லை.
"ஏனடி சொல்லேல்லை?"
"சொன்னால் நிப்பாட்டியிருப்பீரோ?"
செதிலொண்டு அவளின்ர சொக்கையில ஒட்டியிருந்தது.
"முதல் மாசம் பயந்தனான்.
பிறகு பழகியிட்டுது."

அண்டு ராத்திரி
என்ர சத்தத்தை நானே ஒருக்காக் கேப்பம் எண்டு
நித்திரை கொள்ளாமல் கிடந்தன்.
முழிச்சிருக்கிறவனுக்கு அது வருமே?
மின்விசிறி சுத்திச்சுது.
துறைப்பக்கம் ஒரு எஞ்சின்
பிடிச்சு நூந்து, பிடிச்சு நூந்து, போச்சுது.
ஒரு மணி இருக்கும்.
பக்கத்தில அவள் புரண்டாள்.
"படுமன்.
நீர் படுத்தால்தானே எனக்கும் நித்திரை வரும்."